பரண்மேல் வில்லாளி, பரணடியில் கரடி

விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் செக்வாமெகான்–நிக்கோலெட் தேசியக் காடு 15 லட்சம் ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. ஆஸ்பென், மேப்பிள், ஹெம்லாக் மரங்கள். இடையிடையே சதுப்பு நிலம். வெண்வால் மானை வில்லால் வேட்டையாடுகிறவர்களுக்கு அங்கே செப்டம்பர் நடுவில் பருவம் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை நீள்கிறது. துப்பாக்கிக்காரர்கள் பெருங்கூட்டமாக வருவது நவம்பர் கடைசியில்தான். அதுவரை காடு பெரும்பாலும் வில்லாளிகளுக்கும் அங்கேயே பிழைக்கிற விலங்குகளுக்கும் உரியது. கருங்கரடி உண்டு, ஓநாய்க் கூட்டங்கள் உண்டு, கயோட்டியும் பாப்கேட்டும் உண்டு. எப்போதாவது ஒரு மலைச்சிங்கமும் அந்த வழியே கடந்துபோகும்.

வில்லைத் தேர்ந்தெடுப்பதும் குறி பழகுவதும் முந்தைய அத்தியாயங்களில் முடிந்தன. இங்கே பார்க்கப்போவது, பரணில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து மானை வண்டியில் ஏற்றும்வரை உள்ள நேரம். அந்த நேரத்தில் இரைகொல்லி விலங்கு ஒன்று எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதே இதன் மையம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பரணடிக்குக் கரடி வந்தால் அது கெட்ட காலம் அல்ல, நீங்கள் உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததன் விளைவு. உடம்பின் வாடையை மறைத்தீர்கள். காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தீர்கள். இலைநிறச் சட்டைக்குள் அசையாமல் இருந்தீர்கள். மான்குட்டி அழுவதுபோல ஊதினீர்கள், இணைசேரும் பருவத்தில் உள்ள பெண் மானின் மூத்திரத்தைப் பஞ்சில் நனைத்துக் கிளையில் கட்டினீர்கள். இவ்வளவும் சேர்ந்து ஆண் மானிடம் சொல்கிற செய்தியையே கரடிக்கும் கயோட்டிக்கும் சொல்கின்றன: இங்கே மான் இருக்கிறது, மனிதன் இல்லை. எனவே இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான். மானுக்காகப் போட்ட வேஷத்தை எந்த நொடியில் கலைத்து மனிதனாகத் தெரியவேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே முடிவுசெய்து வையுங்கள்.

மரம், காற்று, உயரம்

பகலில், பருவம் தொடங்கும் முன்பே போய் மரத்தைப் பாருங்கள். மான் தடம் மட்டும் தேடாதீர்கள். ஆஸ்பென் பட்டையில் பழைய நகக்கீறல்கள் கருத்துத் தடித்திருக்கிறதா? காட்டுச் செர்ரி மரத்தின் கிளைகள் உள்நோக்கி வளைத்து ஒடிக்கப்பட்டிருக்கிறதா? தடத்தில் கொட்டைச் சிதறலும் பழத்தோலும் நிறைந்த பெரிய சாணக்குவியல் கிடக்கிறதா? அப்படியென்றால் மான் தேடி வரும் அதே ஓக் கொட்டைகளைத் தின்னக் கரடியும் வந்துபோகிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் கருங்கரடி குளிர்காலத் தூக்கத்துக்காகக் கொழுப்பு சேர்க்கிறது. ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னக்கூடிய காலம் அது. இதற்காக அந்த மரத்தைக் கைவிடத் தேவையில்லை. ஆனால் கரடித் தடமும் மான் தடமும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு நேர்மேலே பரண் கட்டாமல், பதினைந்து இருபது மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். அம்புக்கும் அந்தத் தூரம்தான் நல்லது.

காற்றைப் பொறுத்தவரை, வானிலை அறிக்கை சொல்லும் திசை பாதி உண்மை. காலையில் வெயில் ஏற ஏறத் தரையோரக் காற்று சரிவில் மேலேறும். மாலையில் குளிர்ந்து கீழிறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேற்குக் காற்றை நம்பி உட்கார்ந்தவரின் வாடை மாலை ஐந்து மணிக்குக் கிழக்கே போகாமல் நேராகச் சதுப்புக்குள் வழிந்துவிடும். மில்க்வீட் செடியின் பஞ்சு விதையைக் கொஞ்சம் சட்டைப்பையில் வைத்திருந்து அவ்வப்போது ஒன்றைப் பறக்கவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டம் தெரியும். கடையில் விற்கும் பொடியைவிட இது நெடுந்தூரம் போய்க் காட்டும்.

உயரம் 15 முதல் 20 அடி போதும். முப்பது அடி ஏறினால் மான் நிமிர்ந்து பார்க்காது என்று சொல்லிக்கொண்டு மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இழப்பது கோணத்தை. 20 அடி உயரப் பரணுக்கு 5 மீட்டர் தள்ளி நிற்கும் மானை ஏறக்குறைய 50 பாகைச் சரிவில் பார்க்கிறீர்கள். அந்தக் கோணத்தில் அம்பு ஒரு நுரையீரலை மட்டும் துளைத்து மற்றொன்றைத் தவறவிடும். ஒற்றை நுரையீரலோடு மான் நெடுந்தூரம் ஓடும். அதே மான் 20 மீட்டரில் நின்றால் கோணம் 17 பாகைதான். இரண்டு நுரையீரலும் ஒரே கோட்டில் வரும். உயரம் கூடக் கூட, பின்னால் வரும் இரத்தத் தடமும் நீளும். இரத்தத் தடம் நீள்கிற இரவில்தான் கரடியைச் சந்திக்கிறோம்.

ஏறுவதும் இறங்குவதும்

பரண் வேட்டையில் ஆளைக் கொல்வது ஓநாயோ கரடியோ அல்ல, கீழே இருக்கும் தரை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். விழுகிறவர்களில் பலர் பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுவதில்லை. ஏணியிலிருந்து மேடைக்குக் காலை மாற்றும்போதும், மேடையிலிருந்து ஏணிக்குத் திரும்பும்போதும் விழுகிறார்கள். விலங்கைக் கண்டு பதறி இறங்குகிறவர் சரியாக அந்த இடத்தில்தான் சறுக்குவார்.

முழு உடல் ஹார்னெஸ் இல்லாமல் தரையை விட்டுக் காலை எடுக்காதீர்கள். இடுப்பு பெல்ட் ஹார்னெஸ் ஆகாது. மரத்தில் பரணுக்கு மேலிருந்து அடிவரை தொங்கும் லைஃப்லைன் கயிறு ஒன்றைப் பருவத் தொடக்கத்திலேயே கட்டிவிடுங்கள். அதில் புரூசிக் முடிச்சு இருக்கும். தரையில் நிற்கும்போதே கேரபைனரை அதில் மாட்டி, ஏற ஏற முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போகவேண்டும். பாரம் விழுந்தால் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். மேலே உட்கார்ந்ததும் கயிற்றில் தொய்வு இருக்கக்கூடாது. உட்கார்ந்த நிலையில் லேசாக இழுத்துப் பிடிக்கிற அளவே சரி. ஏறும்போது இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்கட்டும். வில்லையும் அம்புக்கூட்டையும் முதுகில் சுமந்து ஏறாதீர்கள். உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பிறகு கயிற்றால் மேலே இழுங்கள். பிளேடு பொருத்திய அம்பின் மேலேயே விழுந்தவர்கள் உண்டு.

ஹார்னெஸ் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்குவதும் பாதுகாப்பு ஆகிவிடாது. தொடைப்பட்டை இறுகிக் கால்களில் இரத்தம் தேங்கும். சில நிமிடங்களிலேயே தலை சுற்றும், பிறகு மயக்கம் வரும். அதற்காகத்தான் ஹார்னெஸோடு ஒரு கால்மிதிப் பட்டை தருகிறார்கள். அதை மடித்துப் பையின் அடியில் போட்டுவிடாமல் மார்புப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி வையுங்கள். தொங்கினால் அதில் காலை ஊன்றி எழுந்து நின்று கால்தசையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுத் தோட்டத்து மரத்தில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு இதைப் பழகிப் பாருங்கள். கையுறையோடு, இருட்டில் அந்தப் பட்டையைத் தேடுவது எப்படி என்று அப்போதுதான் புரியும்.

எந்த மரம், எப்போது திரும்புவேன் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கைப்பேசி மார்புப் பையில் இருக்கட்டும்; கீழே தொங்கும் பையில் இருந்து பயனில்லை.

அம்பு

இதில் ஒரு விஷயம் மட்டும் இங்கே போதும். நல்ல காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகிறது. நாண் எழுப்பும் ஒலி நொடிக்கு 340 மீட்டர். 27 மீட்டர் தூரத்து மானுக்கு ஒலி 0.08 நொடியில் சேரும், அம்பு சேர 0.3 நொடிக்கும் மேல் ஆகும். அந்த இடைவெளியில் மிரண்ட வெண்வால் மான் பாய்வதற்காக முதலில் முன்னங்காலை மடக்கித் தாழ்கிறது. நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். எனவே தலையை உயர்த்திக் காதை விடைத்து நிற்கும் மானுக்கு அம்பு விடாதீர்கள். மேய்கிற மான், பக்கவாட்டில் அல்லது சற்றே விலகித் திரும்பி நிற்கிற மான், 20 மீட்டருக்குள். கீழ்நோக்கிக் குறி வைக்கும்போது கையைத் தாழ்த்தாமல் இடுப்பிலிருந்து வளையுங்கள். தரையில் பழகிய நாண்பிடி அப்போதுதான் மாறாமல் இருக்கும்.

கருங்கரடி

கரடி வருவதைக் காட்டிலேயே மற்றவர்கள் முதலில் சொல்லிவிடுவார்கள். செவ்வணில் ஓரிடத்திலிருந்து விடாமல் திட்டும், அந்தத் திட்டு மெல்ல இடம்பெயரும். ப்ளூ ஜே பறவைகள் கூச்சலிடும். மேய்ந்துகொண்டிருந்த பெண் மான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்து முன்காலால் தரையைத் தட்டும். கரடி நடக்கும் ஓசை அதன் பருமனுக்குப் பொருந்தாது. உள்ளங்கால் மெத்தையாகப் பதிந்து, காய்ந்த இலையில்கூட ஓர் அணிலைவிடக் குறைவாகவே சலசலக்கும். பெரும்பாலும் மூக்குதான் அதை நடத்திச்செல்கிறது. நாலடி நடக்கும், நின்று மூக்கை உயர்த்தும், தலையை மெல்ல இருபுறமும் ஆட்டும், மறுபடி நடக்கும். உங்கள் ஏணியடிக்கு வந்ததும் நீங்கள் கைவைத்த படியை ஒவ்வொன்றாக முகரும். நாக்கால் நக்கிப் பார்ப்பதும் உண்டு. சில நேரம் பின்காலில் எழுந்து முன்பாதத்தை மூன்றாவது படியில் வைத்து நேராக மேலே பார்க்கும். பழுப்பு முகவாய், சிறிய கண்கள், மூக்கு ஈரமாக விரிந்து சுருங்கும். அந்த நிலையில் அதற்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மேலே இருப்பது என்ன?

அதைச் சொல்லுங்கள். வேஷம் கலையவேண்டிய நொடி இது. மான் கலைந்துவிடுமே என்று மூச்சடக்கி உட்கார்ந்திருந்தால் கரடியின் ஆவல் கூடும், ஒரு படி ஏறும். கரடி மரம் ஏறக்கூடியது. உங்களைவிட நன்றாகவே ஏறும். பரண் என்பது உங்களுக்கு ஒளிவிடமே ஒழிய அடைக்கலம் அல்ல. அது ஏறத் தொடங்கும் முன்பே, சாதாரணக் குரலில், தாழ்ந்த தொனியில் பேசுங்கள். என்ன பேசினாலும் சரி, தமிழிலேயே பேசலாம். கையை மெல்ல அசையுங்கள். பத்தில் ஒன்பது கரடி அந்த நொடியே விழுந்தடித்து ஓடும். வந்த அமைதிக்கு நேர்மாறான சத்தத்தோடு புதரைப் பிளந்துகொண்டு போகும்.

போகாமல் நிற்கிற கரடிதான் கவனத்துக்குரியது. ஊதுவது, தாடையைத் தட்டிச் சத்தம் எழுப்புவது, தரையை அறைவது எல்லாம் அதன் அச்சத்தின் அடையாளம். அதற்கு இடம் வேண்டும். அதன் குட்டிகள் பக்கத்து மரத்தில் ஏறியிருக்கலாம். நீங்கள் மேலே இருந்தபடி அமைதியாகப் பேசிக்கொண்டே இருந்தால், குட்டிகளைக் கீழே அழைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். அதற்கு அரைமணி ஆனாலும் காத்திருங்கள், இறங்காதீர்கள்.

சத்தமே இல்லாமல், காது முன்னோக்கி, கண்ணை எடுக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டு நெருங்குகிற கரடி வேறு ரகம். கனடிய ஆய்வாளர் ஸ்டீபன் ஹெரேரோவும் அவரது குழுவும் 1900 முதல் 2009 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் காட்டுக் கருங்கரடிகளால் மனிதர் இறந்த நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். 110 ஆண்டுகளில் இறந்தவர்கள் 63 பேர். குட்டியைக் காக்கப் பாய்ந்த தாய்க்கரடிகள் அவற்றில் மிகச் சிலவே. பெரும்பாலான தாக்குதல்களைச் செய்தவை மனிதனை இரையாக எண்ணி வந்த தனி ஆண் கரடிகள். எனவே இப்படி வருகிற கரடியிடம் கனிவு கூடாது. எழுந்து நில்லுங்கள் (கயிறு மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு). உரக்கக் கத்துங்கள். மேடையைக் காலால் உதையுங்கள், இரும்பு ஏணியைத் தட்டுங்கள். கருங்கரடியிடம் செத்தவர்போலக் கிடப்பது ஒருபோதும் உதவாது. கைக்கு எட்டினால் மூக்கிலும் முகத்திலும் தாக்கிப் போராட வேண்டும்.

பயத்தில் வில்லை இழுக்காதீர்கள். அம்பு இரத்தப்போக்கால் கொல்கிற ஆயுதம். நன்றாகப் பட்டாலும் அதற்குச் சில நொடிகள் வேண்டும், மோசமாகப் பட்டால் உங்கள் மரத்தடியில் காயம்பட்ட கரடி இருக்கும். கரடி வேட்டைக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டும். விஸ்கான்சினில் அது குலுக்கலில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரடி ஸ்பிரே

வில்லோடு காட்டுக்குப் போகிறவர் வாங்கவேண்டிய பொருள்களில் இதற்கு நான் முதல் இடம் கொடுப்பேன். 2008-இல் வெளியான அலாஸ்கா ஆய்வு, 1985 முதல் 2006 வரை அங்கே கரடி ஸ்பிரே பயன்படுத்திய நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. பழுப்புக் கரடிகள் 92 சதவீதமும் கருங்கரடிகள் 90 சதவீதமும் தங்கள் போக்கை நிறுத்திக்கொண்டன. நெருக்கத்தில் பயன்படுத்தியவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை.

மனிதர்மேல் அடிக்கும் சிறு மிளகு ஸ்பிரே இதற்கு ஆகாது. கரடிக்கென்று பதிவு செய்யப்பட்டதும் குறைந்தது 225 கிராம் எடையுள்ளதுமான குப்பியை வாங்குங்கள். காலாவதித் தேதி அடியில் இருக்கும். குப்பி ஹார்னெஸின் மார்புப் பட்டையில், நாண் உரசாத பக்கத்தில் இருக்கட்டும். எட்டு மீட்டர் தூரம் வரை பாயும். தரையில் கரடி பாய்ந்து வந்தால் அது பத்து மீட்டரில் இருக்கும்போதே சற்றுத் தாழ்த்தி அடிக்கத் தொடங்குங்கள். அது மேகத்துக்குள் ஓடி வரும். பரணில் கணக்கு வேறு. ஏறுகிற கரடி நேர் கீழே மூன்று நான்கு மீட்டருக்குள் வரும்வரை பொறுத்து, முகத்தைப் பார்த்து ஒரு நொடி, இரண்டு நொடி அடியுங்கள். கொஞ்சம் உங்கள் கண்ணுக்கும் ஏறி வரும். கண்ணெரிச்சலோடு மேடையில் தடுமாறும்போது உங்களைப் பிடிப்பது ஹார்னெஸ் ஒன்றுதான். ஆடையிலும் கூடாரத்திலும் முன்கூட்டியே தெளித்து வைக்கிற வழக்கம் தவறு. காய்ந்த மிளகு நெடி கரடியை அழைக்கவே செய்யும்.

ஓநாய், கயோட்டி, பூனைகள்

விஸ்கான்சினில் ஓநாய்க் கொலைக்குப் பரிசுப் பணம் கொடுத்தது 1957 வரை. 1960 வாக்கில் ஓநாய் அங்கே இல்லாமல் போனது. 1970-களில் மினசோட்டாவிலிருந்து தானாக நடந்து திரும்பி வந்தது. இன்று வடபகுதியில் மாலை இருட்டும்போது பரணில் உட்கார்ந்தால் ஊளை கேட்க வாய்ப்பு உண்டு. ஒன்று தொடங்க, மற்றவை வெவ்வேறு சுருதியில் சேர்ந்துகொள்வதால் நாலு ஓநாய் பத்துபோலக் கேட்கும். தூரத்தையும் சரியாகக் கணிக்க முடியாது.

வட அமெரிக்காவில் ஓநாய் மனிதனைத் தாக்குவது மிக மிக அரிது. பரணடியில் வந்த ஓநாய்க் கூட்டம் உங்கள் தடத்தை முகர்ந்ததும் பெரும்பாலும் கரைந்துவிடும். அப்படி ஓடாமல் சுற்றினால் எழுந்து கத்துங்கள், அவ்வளவுதான். தரையில் சந்தித்தால் முதுகைக் காட்டாமல், ஓடாமல், கண்ணைப் பார்த்தபடி பின்வாங்குங்கள். உண்மையான அபாயம் நாய்க்கு. காயம்பட்ட மானைத் தேட மோப்ப நாயைப் பட்டையில் கட்டிக் கூட்டிப்போக அங்கே அனுமதி உண்டு. ஓநாய் நடமாடும் இடத்தில் அந்தப் பட்டை கைக்கு நெருக்கமாக இருக்கட்டும். ஓநாய் தன் எல்லைக்குள் நுழைந்த நாயைப் பொறுக்காது.

ஓநாய் வந்ததால் மான் குறைந்தது என்று வேட்டை முகாம்களில் கோபமாகப் பேசுவார்கள். அதில் நான் சேரமாட்டேன். ஆல்டோ லியோபோல்ட் 1933-இலிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வில்லைத் தன் கையாலேயே செய்து மான் வேட்டைக்குப் போனவர். இளமையில் அரிசோனாவில் ஓநாய்களைச் சுட்டவரும் அவரே. ஓநாய் இல்லாத மலையில் பெருகிய மான்கள் கன்று, செடி அனைத்தையும் கடித்துத் தீர்த்துப் பின் தாங்களே பட்டினியில் சாவதைப் பார்த்து மனம் மாறினார். வில்லோடு போகிற ஒவ்வொருவரும் அவரைப் படிக்கவேண்டும். சட்டமும் இதில் தெளிவு: 2022 பிப்ரவரியில் வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் விஸ்கான்சின் ஓநாய் மீண்டும் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. மனித உயிருக்கு நேரடி ஆபத்து இருந்தாலொழிய அதைக் கொல்ல முடியாது.

கயோட்டி 10 முதல் 20 கிலோ எடையுள்ள விலங்கு. மான்குட்டிக் குரல் ஊதினால் வரும், உங்களைக் கண்டதும் போகும். பாப்கேட்டும் அப்படியே. சின்ன அசைவையும் இரையென்று நினைக்கக்கூடிய பூனை என்பதால், ஊதும்போது கையை மட்டும் ஆட்டாதீர்கள்.

மலைச்சிங்கம் விஸ்கான்சினுக்கு வழிப்போக்கன். தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலையிலிருந்து இளம் ஆண்கள் துணை தேடிக் கிழக்கே நடக்கின்றன. அப்படி ஒன்று மினசோட்டா, விஸ்கான்சின் வழியாக நடந்து கனெக்டிகட் வரை போய், 2011-இல் கார் மோதி இறந்தது. மரபணுச் சோதனையில்தான் அது வந்த ஊர் தெரிந்தது. 2023 நவம்பரில் விஸ்கான்சினின் பஃபலோ கவுண்டியில் பரணில் இருந்த இளம் வில்லாளி ஒருவர் மலைச்சிங்கம் ஒன்றை அம்பால் கொன்றார். தற்காப்பு என்று சொன்னார், வனத்துறை விசாரித்தது. மலைச்சிங்கத்தைத் தரையில் கண்டால் குனியவோ ஓடவோ கூடாது. கோட்டை விரித்துப் பெரிதாகத் தெரியுங்கள், கண்ணைப் பாருங்கள், கத்துங்கள், எறியுங்கள். தாக்கினால் எதிர்த்துப் போராடுங்கள்.

எந்த விலங்கானாலும், தற்காப்புக்காக ஏதாவது நடந்துவிட்டால் அன்றே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அம்பையும் உடலையும் இடம் மாற்றாதீர்கள்.

இருட்டில் நடை

மாலை வேட்டையில் சட்டப்படியான நேரம் முடிந்ததும் அம்பைக் கழற்றி, வில்லைக் கயிற்றில் கீழே இறக்குங்கள். இறங்கும் முன் தலைவிளக்கைப் போட்டுச் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். இரட்டையாய் ஒளிரும் கண்கள் பெரும்பாலும் மானுடையவையே. இனி மறைவதில் ஒரு பயனும் இல்லை. விளக்கை அணைத்துப் பதுங்கி நடப்பது பரணைப் பிறருக்குக் காட்டாமல் இருக்க உதவலாம், கரடிக்குமேல் கால் வைக்கவும் உதவும். பேசிக்கொண்டு, விளக்கு எரிய, ஸ்பிரேயைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள்.

இரத்தத் தடம்

இந்த அத்தியாயத்தில் நிதானமாகப் படிக்கவேண்டிய பகுதி இது. இரைகொல்லியோடு உண்மையான போட்டி வருவது இங்கேதான்.

அம்பு பட்டதும் கண் மானின்மேல் இருக்கட்டும். கடைசியாக எந்த மரத்துக்குப் பின்னால் மறைந்தது, எப்போது சத்தம் நின்றது என்பதை மனத்தில் குறியுங்கள். அரைமணி பரணிலேயே உட்காருங்கள். பிறகு இறங்கி அம்பை எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாய், நுரையும் குமிழுமாய் இருந்தால் நுரையீரல். மான் நூறு மீட்டருக்குள் கிடக்கும், உடனே போகலாம். கருஞ்சிவப்பாய் நுரையில்லாமல் இருந்தால் கல்லீரல். மூன்று நான்கு மணிநேரம் காத்திருங்கள். பச்சையோ பழுப்போ கலந்து, முகர்ந்தால் புளித்த நாற்றம் அடித்தால் வயிறு. அந்த மான் சாவது உறுதி, ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் ஆகும். அதுவரை அது நூற்றைம்பது மீட்டருக்குள் எங்கோ படுத்திருக்கும். துரத்தினால் எழுந்து சதுப்புக்குள் போய்விடும், இரத்தமும் சொட்டாது.

சங்கடம் இங்கே. மாலையில் வயிற்றில் பட்ட மானுக்கு விடியும்வரை காத்திருக்க வேண்டும். விடிவதற்குள் கயோட்டி கண்டுபிடித்துவிடும். பள்ளத்தில் ஊளை கேட்கக் கேட்க மனம் பதறும். இருந்தாலும் காத்திருங்கள் என்றே சொல்வேன். கயோட்டி பின்தொடையைத் தின்றுவிட்டாலும் மிச்சம் கிடைக்கும். துரத்தப்பட்ட மான் முழுவதும் தொலைந்துபோகும், அதுவும் வலியோடு. இரவு வெப்பம் 10 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தால் இறைச்சி கெடும் என்பது உண்மைதான். அந்த நிலையில் ஆறாவது மணியில், இரண்டு பேராக, மெல்லப் போய்ப் பார்க்கலாம்.

தடம் பின்பற்றும்போது வேட்டையில் செய்ததற்கு நேரெதிராகச் செய்யுங்கள். இரத்தம் காட்டுகிற வழி விட்டுக்கொடுக்கும் அளவுக்குக் காற்று முதுகில் அடிக்கும்படி போங்கள். உங்கள் வாடை உங்களுக்கு முன்னால் போய்ச் சேரட்டும். உரக்கப் பேசுங்கள். ஒருவர் தரையைப் பார்த்து இரத்தம் தேட, மற்றவர் நிமிர்ந்து முன்னால் விளக்கடிக்கட்டும். இருவரும் குனிந்து தேடுவது கூடாது. காகமோ கழுகோ ஓரிடத்தில் கூடினால் நின்று கத்துங்கள்.

மான்மேல் இலையும் மண்ணும் குவித்து மூடியிருந்தால் அது இனி உங்கள் மான் அல்ல. கரடியும் மலைச்சிங்கமும் தமக்குரியதை அப்படித்தான் மூடி வைக்கும். உரிமைக்காரர் பக்கத்திலேயே படுத்திருப்பார். வந்த வழியே பின்வாங்குங்கள். ஒரு மானுக்காகச் சண்டை போடவேண்டாம்.

மானைக் கண்டதும் ஒரு நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் உயிர் இருக்கிறது. குடல் எடுக்கும் வேலையை அங்கேயே வேகமாக முடியுங்கள். ஒருவர் கத்தியோடு குனிந்தால் மற்றவர் ஸ்பிரேயோடு வெளிப்பக்கம் பார்த்து நிற்கட்டும். தனியாக இருந்தால் முதுகுப்புறம் பெரிய மரம் இருக்கும்படி உட்கார்ந்து, ஒவ்வொரு சில நிமிடமும் நிமிர்ந்து பாருங்கள். முடிந்ததும் குடல் குவியலிலிருந்து நூறு மீட்டராவது இழுத்துப் போய்விட்டு அப்புறம் மூச்சு வாங்குங்கள்.

மொன்டானாவிலும் வயோமிங்கிலும் வில்லோடு போகிறவர்களுக்கு இந்த வரிகள் இரண்டு மடங்கு பொருந்தும். அங்கே கிரிஸ்லிக் கரடி இருக்கிறது. பாய்ந்து தொடுவது வரை வந்துவிட்ட கிரிஸ்லி தன் குட்டியையோ இரையையோ காக்கிறது என்றால், போராடாமல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியைக் கோத்து மூடி, முதுகுப்பையைக் கழற்றாமல் அசையாது கிடக்கவேண்டும். கருங்கரடிக்குச் சொன்னதற்கு நேர்மாறு இது; எந்தக் கரடி என்று தெரிந்துகொள்வது அதனால்தான் உயிர்ப் பிரச்சினை. கிரிஸ்லியின் தோளில் திமில் இருக்கும், முகம் உட்குழிந்திருக்கும், முன்நகம் நீளமாகவும் வெளிர்நிறமாகவும் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கருங்கரடியிலும் பழுப்பு உண்டு.

இரவு முகாமில் தங்கினால் மானைத் தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, கூடாரத்துக்கு நூறு மீட்டருக்கு அப்பால் தொங்கவிடுங்கள். விஸ்கான்சினில் மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்யவேண்டும். 2002-இல் அந்த மாநிலத்தில் முதலில் கண்டறியப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய்க்காகத் தலையைச் சோதனைப் பெட்டியில் சேர்த்துவிட்டு, முடிவு வந்த பிறகு இறைச்சியைச் சமையுங்கள்.

குடல் குவியல் உங்கள் பரணிலிருந்து தெரிகிற தூரத்தில் விழுந்திருந்தால் அடுத்த இரண்டு மூன்று நாள் அந்தப் பரணுக்குப் போகாதீர்கள். முதல் இரவே கயோட்டி வரும், காலையில் கழுகும் காகமும் வரும், அக்டோபர் என்றால் கரடியும் தேடி வரும். தரை சுத்தமான பிறகு மான் தன் பழைய தடத்துக்குத் திரும்பும். அதுவரை காற்றுக்கு ஏற்ற இன்னொரு மரத்தில் உட்காருங்கள்.